ஔவை வேடம் பூண்ட சண்முகனார்



சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை எமது வகுப்பிலே, "ஔவை என்பவர் யார்?" என்று வினவினேன். ஆத்திசூடியைப் பாலர் வகுப்பிலிருந்தே ஓதி வரும் பிள்ளைகளாதலால், விடை எளிதில் வரும் என்றே எண்ணியிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் உரத்த குரலில், "அவ்வை சண்முகி!" என்றான். வகுப்பு முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. நானும் சிரித்துவிட்டேன். 1996ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த நகைச்சுவைத் திரைப்படத்தை இங்குள்ள பிள்ளைகள் தம் பெற்றோருடன் வீட்டில் இருந்து பார்த்திருக்கிறார்கள். சேலை கட்டி மூதாட்டியாக வரும் கமல்ஹாசன் அவர்கள் நெஞ்சில் நிற்கிறார். சங்கப் புலவர் ஔவையார் நிற்கவில்லை.

அன்று சிரிப்போடு முடிந்த அச்செய்தி, விழா நெருங்கிய வேளையில் வேறோர் உருவில் திரும்பி வந்தது. இவ்வாண்டு விழாவில் எமது வகுப்பினர் அதியமானும் ஔவையாரும் என்னும் சிறு நாடகத்தை மேடையேற்ற வேண்டும் எனத் தீர்மானித்தோம். வகுப்பிலுள்ள பெண்பிள்ளைகள் அனைவரும் நடன நிகழ்ச்சியில் சேர்ந்துவிட்டமையால், ஔவையாராக நடிக்க ஒரு மாணவனைத் தெரிவு செய்ய நேர்ந்தது. பதினொரு வயதுடைய அம்மாணவன் முதலில் உடன்பட்டான். மறுவாரமே ஏனைய பையன்கள் அவனைச் "சண்முகி, சண்முகி" என்று பகிடி பண்ணத் தொடங்கினர். அன்றிரவே அவனுடைய தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மாஸ்டர், குறை நினையாதையுங்கோ. பிள்ளை அழுதுகொண்டு இருக்கிறான். அவனுக்கு வேறை வேஷம் ஏதும் குடுக்கேலாதோ?" என்று கேட்டார்.

தவறு அந்தப் பையன்களுடையதன்று. 'அவ்வை சண்முகி' என்னும் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லித் தராத எங்களுடையதே. ஆண்மகன் ஒருவர் ஔவையாராக மேடையில் நின்று, அதனாலேயே 'ஔவை' என்னும் பட்டத்தைத் தம் பெயருக்கு முன்னே பெற்ற வரலாறு ஒன்று தமிழ் நாடக உலகில் உண்டு. அவர்தாம் ஔவை தி. க. சண்முகம். டி. கே. சண்முகம் என்றும் அவரை அழைப்பர். அவருடைய வாழ்க்கையை எங்கள் பிள்ளைகளும், அவர்கள் வாயிலாகப் பெற்றோரும் அறிந்து கொள்ளவேண்டும் என்னும் விருப்பினால் இக்கட்டுரையை எழுதலானேன்.

ஆறு வயதில் அரங்கேறியவர்

சண்முகம் 1912ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் திருவனந்தபுரம் கண்ணுசாமிப் பிள்ளை. அவரும் நாடக நடிகரே; பெண் வேடங்களில் நடித்துப் பெயர் பெற்றவர். பெண்கள் மேடையேறுதல் அரிதாக இருந்த அக்காலத்தில், பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்று நடித்தல் இயல்பான வழக்கமாயிருந்தது. அது கலைத் தொழிலின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டதேயன்றி, நகைப்புக்குரியதாகக் கருதப்படவில்லை. ஆங்கில நாட்டில் சேக்சுபியர் காலத்து மேடையிலும் யூலியத்தாகவும் தெசுதெமோனாவாகவும் நடித்தவர்கள் ஆண் பிள்ளைகளே என்பதை உங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்களும் சொல்லியிருப்பார்கள்.

சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்னும் சகோதரர் நால்வரும் பிற்காலத்தில் 'டி. கே. எஸ். சகோதரர்கள்' என்று புகழ்பெற்றனர். 1918ஆம் ஆண்டில் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்னும் நாடகக் குழு தோன்றியது. அதன் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அக்குழுவில் சண்முகம் தமது ஆறாவது வயதிலே சேர்க்கப்பட்டார். எங்கள் பிள்ளைகள் முதலாம் வகுப்புக்குப் புத்தகப் பையைச் சுமந்து செல்லும் வயது அது.

பாலர் நாடக சபை என்னும் பள்ளி

பாலர் நாடக சபை என்றால் என்ன என்பதை இங்கே சற்று விளக்குதல் வேண்டும். தமிழகத்தில் சிறுவர்களை மட்டுமே நடிகர்களாகக் கொண்ட நாடகக் குழுக்கள் பல இருந்தன. 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் அவற்றை அழைத்தனர். வளர்ந்த நடிகர்கள் மேடையில் ஏறியதும் ஆசிரியர் எழுதிய வசனத்தை விட்டுவிட்டுத் தம் மனம்போன போக்கில் பேசுவதும், ஒருவரையொருவர் பாட்டில் மடக்க முயல்வதுமாயிருந்தனர். இதனால் நாடகத்தின் கட்டுக்கோப்புக் குலைந்தது. எழுதியதை எழுதியவாறே பேசும் ஒழுங்கினைச் சிறுவர்களிடத்தில் வளர்க்கலாம் என்பது சுவாமிகள் கண்ட வழியாகும்.

இச்சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து குழுவோடு ஊர் ஊராகச் சென்றனர். உண்பதும் உறங்குவதும் ஒரே வீட்டில். அவர்களுக்குப் பாடம் சொல்பவரை 'வாத்தியார்' என்பர். காலையில் ஆர்மோனியத்தோடு பாட்டுப் பயிற்சி. பின்னர் வசனப் பாடம். வாத்தியார் சொல்ல, சிறுவர்கள் திருப்பிச் சொல்வர். எழுத்துக் கூட்டி வாசிக்க அறியாதவனும் ஒரு நாடகம் முழுவதையும் நெட்டுருப் பண்ணிவிடுவான். இரவு உணவுக்குப் பின் தொடங்கும் நாடகம் விடியும்வரை நடப்பதும் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் விளங்க வேண்டும். 'மழை' என்பதை 'மலை' என்று சொன்னால் கதையே மாறிவிடும். லகர, ளகர, ழகர வேறுபாட்டை அவர்கள் இலக்கண நூலிலிருந்து கற்கவில்லை. கடைசி வரிசைக்காரனின் காதுக்கு அஞ்சிக் கற்றனர்.

இந்த முறையை நான் முற்றாகப் புகழ்ந்துரைக்க முற்படவில்லை. வறுமையே பல பெற்றோரைத் தம் மக்களை நாடகக் குழுவில் விடத் தூண்டியது. பள்ளிப் படிப்பு இல்லை, விளையாட்டு இல்லை, கண்டிப்பும் அடியும் மிகுதி. பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடையும் பருவத்தை நாடகக்காரர் 'மகரக்கட்டு' என்பர். அதுவரை இனிய குரலால் கூட்டத்தைக் கவர்ந்த சிறுவன், மகரக்கட்டு வந்ததும் ஒருநாளில் மதிப்பிழந்து மூலையில் அமர நேரும். குழந்தைகளை அவ்வாறு தொழிலில் ஈடுபடுத்துதலை இன்று எந்த நாட்டிலும் நல்லோர் ஏற்கமாட்டார்கள். ஆயினும், அந்தக் கடுமையான சூழலில் அவர்கள் கற்ற ஒன்று எம் சிந்தனைக்குரியது. மொழி என்பது முதலில் வாயிலும் செவியிலும் வாழ்வது. பிறகே தாளுக்கு வருவது.

பேச்சிழந்த ஆசிரியர்

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பகுதியிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய நாடகங்களை ஆக்கியவர். எங்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே விடிய விடிய நடந்த இசை நாடகங்கள் பலவற்றுக்கும் மூலம் அவருடைய மரபே. தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த நாடகக் குழுக்களிடம் கற்று, எங்கள் கலைஞர்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் நின்ற காட்சியைக் கண்டவர்கள் இன்றும் எங்களிடையே இருக்கின்றனர். இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள்.

சிறுவன் சண்முகத்தின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள், அவன் அபிமன்யுவாக நடிக்க வேண்டும் என்று விரும்பினார். அதற்கென ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார் என்பது தமிழ் நாடக உலகம் மறவாத செய்தியாகும். தம் மாணவனுக்காக ஆசிரியர் ஒருவர் இரவு முழுதும் கண்விழித்துப் பாடம் எழுதினார் என்று இதனை நான் விளங்கிக் கொள்கிறேன்.

அதன்பின் நிகழ்ந்ததுதான் துயரமானது. சுவாமிகளைப் பக்கவாத நோய் தாக்கியது. கை கால்கள் செயலிழந்தன. ஆயிரக்கணக்கான பாடல்களை ஊற்றெடுத்தாற்போல் சொல்லிய அந்த வாய் பேச்சிழந்தது. எனினும் அவர் தம் குழுவை விட்டுப் பிரியவில்லை. அவர் எழுதிய சொற்களை மாணவர்கள் மேடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். 1922 நவம்பரில் புதுச்சேரியில் அவர் காலமானபோது சண்முகத்துக்கு வயது பத்து.

ஊரில் ஆசிரியத் தொழில் புரிந்து, போரினால் இடம்பெயர்ந்து, இந்நாட்டில் அகதியாக வந்து சேர்ந்தவன் நான். வந்த புதிதில் தொழிற்சாலையில் இரவு வேலை செய்த காலத்தில், பேசுவதற்குத் தமிழும் இல்லை, பேசத்தக்க ஆங்கிலமும் இல்லை என்ற நிலையில் பல நாள்கள் கழிந்தன. அப்போது சுவாமிகளை நினைத்துக் கொள்வேன். ஆசிரியன் பேச்சிழந்தாலும், அவன் கற்பித்த பிள்ளைகள் பேசுவார்களாயின் அவன் ஊமையல்லன். இந்தச் சனிக்கிழமைப் பள்ளிக்கு நான் வந்ததும் அந்த எண்ணத்தினாலேயே.

சண்முகமும் தம் ஆசிரியரை மறக்கவில்லை. பிற்காலத்தில் சுவாமிகளின் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்பதாகும். சுவாமிகளுக்கு அதனினும் பொருத்தமான பட்டம் ஒன்றை நினைக்க இயலாது.

சகோதரர்களின் சொந்தக் குழு

1925ஆம் ஆண்டில் சகோதரர்கள் 'மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா' என்னும் தமது சொந்தக் குழுவைத் தொடங்கினர். அப்போது சண்முகத்துக்கு வயது பதின்மூன்று. இளமையிலேயே பலருக்கு உணவளிக்கும் பொறுப்பு அவர்கள்மீது விழுந்தது. வசூல் இல்லாத ஊர்களும், மழையால் நின்றுபோன நாடகங்களும் நாடகக் குழுவின் வாழ்வில் இயல்பு. அவற்றையெல்லாம் கடந்து குழுவைப் பல்லாண்டு காலம் நடத்தியமை அச்சகோதரர்களின் ஒற்றுமைக்குச் சான்றாகும்.

அவர்கள் புராண நாடகங்களோடு நின்றுவிடவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' என்னும் நாவலை நாடகமாக்கிச் சமூகக் கதைகளையும் மேடைக்குக் கொண்டுவந்தனர். வெ. சாமிநாத சர்மா எழுதிய 'பாணபுரத்து வீரன்' நாடகம் ஆங்கில அரசினால் தடை செய்யப்பட்டிருந்தது. அதனைத் 'தேசபக்தி' எனப் பெயர் மாற்றி மேடையேற்றினர். அரசர் கதை கேட்க வந்த மக்கள் அந்நாடகத்தில் விடுதலைக் குரலைக் கேட்டனர்.

இக்குழுவிலிருந்து தோன்றிய கலைஞர்கள் பலர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி, எஸ். எஸ். ராஜேந்திரன் ஆகியோர் இங்கே பயின்றவர்கள். 'திருவிளையாடல்' (1965), 'தில்லானா மோகனாம்பாள்' (1968) முதலிய படங்களை இயக்கிய ஏ. பி. நாகராஜனும் இக்குழுவில் நடிகராயிருந்தவரே. அவரும் இளமையில் பெண் வேடம் தாங்கியவர் என்பதை எமது வகுப்புப் பையன்கள் குறித்துக் கொள்ளவேண்டும். அப்படங்களின் வசனங்களில் தமிழ் எத்துணைத் தெளிவாக ஒலிக்கிறது என்பதைப் பெற்றோர் அறிவர். அத்தெளிவு அவருக்கு நாடக மேடை தந்த செல்வம்.

மேடையிலிருந்து திரைக்கு

1931ஆம் ஆண்டில் முதலாவது தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது. அன்று தொடங்கி நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரைப்படக் கொட்டகைகளாக மாறலாயின. நூறு பேர் உழைத்து ஓரிரவு நடத்தும் நாடகத்தை, ஒரு பெட்டிக்குள் அடங்கும் படச்சுருள் நாள்தோறும் மூன்று முறை நடத்திக் காட்டியது. கட்டணமும் குறைவு. நாடகக் குழுக்கள் பல கலைந்து போயின.

டி. கே. எஸ். சகோதரர்கள் திரைப்படத்தைப் பகையாகக் கருதவில்லை. அதேவேளை மேடையைக் கைவிடவும் இல்லை. 1935ஆம் ஆண்டில் அவர்களுடைய 'மேனகா' ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. புராணக் கதைகளே படங்களாக வந்துகொண்டிருந்த அந்நாளில், சமூகக் கதையொன்று படமானது புதுமையாகும். கலைவாணர் திரையில் தோன்றி முதலில் வெளிவந்த படமும் அதுவே. அவர்களது மேடையில் வெற்றி பெற்ற 'குமாஸ்தாவின் பெண்' 1941இல் திரைக்கு வந்தது. வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் கதையைத் தழுவியது அது. பெண்ணைப் பெற்ற ஏழைக் குமாஸ்தாவின் துயரத்தைக் கூறுவது.

சண்முகம் திரையில் ஏற்ற பாத்திரங்களுள் எங்கள் பிள்ளைகள் இன்றும் எளிதிற் காணக்கூடியது, 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் அவர் ஏற்ற சுப்பிரமணிய சிவா வேடமாகும். வ. உ. சிதம்பரனாராகச் சிவாஜி கணேசனும், பாரதியாராக எஸ். வி. சுப்பையாவும், சிவாவாகச் சண்முகமும் ஒரே படத்தில் தோன்றுகின்றனர். மூவருமே சிறுவயதில் நாடக மேடையில் வளர்ந்தவர்கள். இப்படத்தைக் குடும்பத்தோடு ஒருமுறை பாருங்கள். கதைக்காக மட்டுமன்றி, சொற்கள் எவ்வாறு உச்சரிக்கப்படுகின்றன என்பதற்காகவும் செவிகொடுத்துப் பாருங்கள்.

திரையில் அவர் முதல்வரிசை நாயகனாக நீடிக்கவில்லை என்பது உண்மை. திரைப்படத்தில் நடிப்பார், மீண்டும் மேடைக்குத் திரும்புவார். படத்தில் ஈட்டிய பெயர் மேடைக்கு மக்களைக் கொண்டுவரும் என்பதே அவர் நோக்கமாயிருந்தது. தம் தன்வரலாற்றுக்கு அவர் இட்ட பெயரும் 'எனது நாடக வாழ்க்கை' என்பதேயாகும்.

ஔவையாராக நின்றவர்

இனி, எமது மாணவனின் கண்ணீருக்குக் காரணமான ஔவை வேடத்துக்கு வருவோம்.

ஔவையார் என்னும் பெயரில் புலவர் ஒருவரல்லர், பலர் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பராய் விளங்கியவர் சங்க காலத்து ஔவையார். நீண்ட வாழ்நாள் தரும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் அதியமான். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவரும் அவரே. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நீதி நூல்களைத் தந்த ஔவையார் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். மக்கள் மனத்திலோ எல்லா ஔவையாரும் ஒருவரே. கையில் கோலூன்றி ஊர் ஊராய் நடந்து, அரசனுக்கும் ஆட்டிடையனுக்கும் ஒரே நெஞ்சோடு தமிழ் சொன்ன மூதாட்டி அவர்.

1940களில் டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய 'ஔவையார்' நாடகத்தில் அம்மூதாட்டியாக நடித்தவர் சண்முகம். அப்போது அவர் முப்பது வயதை ஒட்டிய இளைஞர். இள வயதுப் பெண்ணாக நடிப்பது ஒருவகை. அதற்கு ஒப்பனையும் இனிய குரலும் பெரிதும் துணைசெய்யும். முதியவளாக நடிப்பது முற்றிலும் வேறு. முதுகு வளைய வேண்டும். கால் தளர வேண்டும். குரல் நடுங்க வேண்டும். ஆனால் சொல் தளரலாகாது. ஔவையின் சொல்லிலே தளர்ச்சி வந்தால் அவர் ஔவையல்லர். உடல் முதுமையையும் சொல்லின் உறுதியையும் ஒரே நேரத்தில் காட்டுவதுதான் அவ்வேடத்தின் அருமை. ஆறு வயது முதல் வாத்தியாரிடம் நாவைப் பழக்கிய ஒருவருக்கே அது கைகூடும்.

அந்நாடகத்தைக் கண்ட மக்கள் அவரைப் பெண் வேடக்காரர் என்று எள்ளவில்லை. ஔவையாரை நேரிற் கண்டதாகவே எண்ணி மதித்தனர். அதன்பின் அவர் பெயருக்கு முன்னே 'ஔவை' என்பது நிலைத்துவிட்டது. எத்தனையோ அரசர், வீரர் வேடங்களை ஏற்றவர் அவர். அவ்வீரர் பெயர்களுள் ஒன்றும் அவரோடு ஒட்டவில்லை. கோலூன்றிய கிழவியின் பெயரே ஒட்டியது. அதனை அவர் பெருமையாகவே தாங்கினார்.

1953ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனம் 'ஔவையார்' கதையைத் திரைப்படமாக எடுத்தபோது, அவ்வேடத்தில் கே. பி. சுந்தராம்பாள் நடித்தார். அந்த அம்மையார் 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனார் என்னும் ஆண் பாத்திரத்தில் நடித்தவர் என்பதையும் நினைவிற் கொள்க. ஆணொருவர் ஔவையானார்; பெண்ணொருவர் நந்தனாரானார். கலைக்கு வேண்டுவது உள்ளமும் உழைப்புமேயன்றி வேறில்லை என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

பெயர் வாழும் வகை

டி. கே. எஸ். குழுவின் பிற்கால நாடகங்களுள் அரு. ராமநாதன் எழுதிய 'இராஜராஜ சோழன்' சிறப்புடையது. சண்முகம் 1973ஆம் ஆண்டில் காலமானார். அதே ஆண்டில் அந்நாடகம், அவர் குழுவில் வளர்ந்த ஏ. பி. நாகராஜனின் இயக்கத்தில், தமிழின் முதலாவது சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும் சங்கீத நாடக அக்காதெமி விருதும் சண்முகம் பெற்ற சிறப்புகளாகும். சென்னையில் முன்னர் லாயிட்ஸ் சாலை என வழங்கிய தெரு, இன்று அவர் பெயரால் 'அவ்வை சண்முகம் சாலை' என வழங்குகிறது.

அவருடைய குழுவில் சிறுவயதில் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் கமல்ஹாசன். 1960இல் 'களத்தூர் கண்ணம்மா' படத்தில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமான அவர், பின்னர் சண்முகத்தின் குழுவில் நாடகம் பயின்றார். தாம் ஒரு மூதாட்டியாக வேடம் புனைந்து நடித்த படத்துக்கு 1996இல் 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தபோது, தமக்குக் கலை கற்பித்தவரின் பெயரையே அதில் பொதிந்து வைத்தார். ஆகவே, எமது வகுப்பில் "அவ்வை சண்முகி" என்று கூவிய மாணவன் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. தான் அறியாமலே ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணியைத் தொட்டுவிட்டான். அச்சங்கிலியின் மறுமுனையில் கமல்ஹாசனுக்குப் பின்னே சண்முகமும், சண்முகத்துக்குப் பின்னே சங்கரதாஸ் சுவாமிகளும், அனைவருக்கும் பின்னே ஔவையாரும் நிற்கின்றனர்.

எமக்கு இதனால் ஆவது யாது?

"கிழமையில் ஒருநாள், இரண்டரை மணித்தியாலம் தமிழ் படித்துப் பிள்ளைக்கு என்ன வரும் மாஸ்டர்?" என்று பெற்றோர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. நேர்மையான கேள்விதான். எழுத்து மட்டுமே கற்பித்தால் அதிகம் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சோதனைத் தாளில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுக்கும் பிள்ளை, ஊரிலிருந்து அம்மம்மா தொலைபேசியில் அழைத்தால் "ஓம்", "இல்லை" என்னும் இரண்டு சொற்களோடு கருவியைத் தாயிடம் நீட்டிவிடுகிறது. எழுதத் தெரிந்த பிள்ளை பேச அஞ்சுகிறது. தவறாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்னும் அச்சமே காரணம். பாலர் சபைச் சிறுவர்கள் எழுத அறியாமலும் பேசினார்கள். எங்கள் பிள்ளைகள் எழுத அறிந்தும் பேசாதிருக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் காண்பதே எம்போன்ற பள்ளிகளின் கடமையாகும். வீட்டில் நாள்தோறும் ஒரு பத்து நிமிடம் பிள்ளையை உரக்கத் தமிழ் வாசிக்கச் செய்யுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் இருப்பவரைப் போல அறையின் மறுகோடியில் இருந்து கேளுங்கள்.

தாயார் தொலைபேசியில் அழைத்த மறுவாரம், இக்கட்டுரையிலுள்ள கதையை வகுப்பில் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தனர். முடிவில் அம்மாணவன், "சேர், அவருக்கும் முதல்லை சிரிச்சவையோ?" என்று கேட்டான். "வேஷத்தைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கலாம் தம்பி. வாய் திறந்து பேசத் தொடங்கிய பிறகு ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்" என்றேன். அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, வேடத்தைத் தானே செய்வதாகச் சொன்னான். பகிடி பண்ணிய பையன்களுள் ஒருவன் அதியமானாக நடிக்கிறான்.

இரண்டு கிழமைகள் சென்றபின் தாயார் மீண்டும் அழைத்தார். மகன் ஒவ்வொரு ஞாயிறும் யாழ்ப்பாணத்திலுள்ள தன் அம்மம்மாவைத் தானாகவே அழைத்து, முழுப் பாடத்தையும் சொல்லிக் காட்டுகிறானாம். 'வாழ்நாள்' என்பதை அவன் 'வால்நாள்' என்று சொல்லும்போதெல்லாம் அம்மம்மா நிறுத்தித் திருத்துகிறாவாம். கிழவி எப்படி நடப்பாள் என்று அவன் கேட்க, எண்பது வயதைத் தாண்டிய அம்மம்மா கைபேசிக்கு முன்னே முற்றத்தில் நடந்து காட்டினாவாம். "இத்தனை வருஷத்திலை அவையள் ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் கதைச்சதே இல்லை மாஸ்டர்" என்றார் அந்தத் தாய்.

இன்று மாலை அம்மாணவன் இந்த மேடைக்கு வருவான். வெள்ளைச் சேலையும், கையில் ஒரு கோலும், நெற்றியில் திருநீறும் இருக்கும். அவனைக் கண்டதும் மண்டபத்தில் சிறு சிரிப்பு எழக்கூடும். பெரியோர்களே, அருள்கூர்ந்து சற்றுப் பொறுமையாய் இருங்கள். அவன் பேசத் தொடங்கட்டும். பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவன் சொல்லும் ழகரம் உங்கள் செவிக்குத் தெளிவாக வந்து சேர்ந்ததாயின், விழா முடிந்து வெளியேறும்போது அதனை அவனிடமே சொல்லிச் செல்லுங்கள்.